இண்டக்‌ஷன் என்றால் தூண்டல் மட்டும்தானா? அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளையும் கலைச்சொல் தொகுதிகளையும் உருவாக்கும் அறிஞர் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் ஒரு மொழிபெயர்ப்பாளர். கதை, கவிதைப் பக்கம் போனதில்லை. ஆலைகளின் அறிவிப்புப் பலகைகள், பாதுகாப்புக் கையேடுகள், ஆலையின் பணி விதிகளைச் சொல்லும் நிலையாணைகள், இயந்திரத்தோடு பெட்டிக்குள் வரும் குறிப்புப் புத்தகங்கள் என்று யாரும் பெயர் போட்டுக்கொள்ளாத எழுத்துதான் என் பிழைப்பு. உங்கள் தொகுதிகளைப் புரட்டாமல் எனக்கு ஒரு நாளும் கழிவதில்லை. சில பக்கங்கள் விரல் பட்டே மங்கிவிட்டன. அந்த உரிமையில்தான் ஒரு குறையைச் சொல்ல வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையிலிருந்து பலகை வாசகம் ஒன்று வந்தது. புதிதாக வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் உள்ளே காலெடுத்து வைக்கும் முன் 'இண்டக்‌ஷன்' முடித்திருக்க வேண்டும் என்பது செய்தி. அப்போது என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் கலைச்சொல் தொகுதியைப் பார்த்து இப்படி எழுதினான்: 'அனைத்து ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் தூண்டல் கட்டாயம்.' சரிபார்த்தது நான்தான். பார்த்தேன், கண் அப்படியே தாண்டிப் போய்விட்டது. பலகை எழுதி, மாட்டியும் ஆயிற்று. மூன்றாம் நாள் அங்கிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. 'தூண்டல்' என்பதற்குக் கீழே யாரோ மார்க்கரால் எழுதியிருந்தார்கள்: 'யார, எதுக்கு?'

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் தொகுதியை எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பையன்மீது குற்றமில்லை. அந்தச் சொல்லுக்கு எதிரே இருந்தது ஒரே ஒரு தமிழ்ச்சொல். எந்தத் துறைக்கு உரியது என்ற அடையாளம் இல்லை, எடுத்துக்காட்டு வாக்கியமும் இல்லை. அவன் வேறு எதைத்தான் எழுதியிருக்க முடியும்?

'தூண்டல்' தப்பான சொல் என்று நான் சொல்லவில்லை. மின்னியலில் அதைவிட நல்ல சொல் கிடைக்காது. 1831-இல் விஞ்ஞானி ஃபாரடே கண்டது அதுதானே. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால், ஒன்றை ஒன்று தொடாமலேயே கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. தொடாமல் கிளப்பிவிடுவதற்குத் 'தூண்டல்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது. உலோகம் உருக்கும் தூண்டல் உலையும் அதே கதைதான். சுருளில் மாறுமின்னோட்டம் ஓட, உள்ளே கிடக்கும் உலோகம் தானாகவே சூடேறி உருகும். ஆனால் அதே ஆங்கிலச் சொல் தர்க்கத்துக்குப் போனால் தனித்தனிச் செய்திகளிலிருந்து பொதுவிதிக்கு வருவது. பள்ளிக் கணக்குப் புத்தகம் அதைத் 'தொகுத்தறிதல்' என்கிறது. எஞ்சினுக்குப் போனால் காற்றை உள்ளே இழுப்பது. பிரசவ அறைக்குப் போனால் வலி வரவழைப்பது. ஆலை வாசலுக்கு வந்தால் புது ஆளுக்கு இடத்தையும் விதிகளையும் காட்டிக்கொடுப்பது.

வேர் லத்தீனில் இருக்கிறது: 'உள்ளே அழைத்துச் செல்'. அப்படிப் பார்த்தால் வேருக்கு ரொம்பக் கிட்டே இருப்பது அந்த ஆலை வாசல் பொருள்தான். எங்கள் பலகையோ அதை விட்டுவிட்டுக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சொல் இருக்கும் பக்கத்தையும் அதன் முன்பின் பக்கங்களையும் அன்றிலிருந்து வேறு கண்ணோடு பார்க்கிறேன். இண்டென்ட், இண்டென்ச்சர், இண்டிகேட்டர், இண்டிகோ, இண்டைரக்ட், இண்டக்‌ஷன், இண்டஸ்ட்ரியல், இண்டஸ்ட்ரியஸ், இண்டஸ்ட்ரி, இனர்ட், இனர்ஷியா, இன்ஃப்ளேமபிள், இன்காட். ஐந்தாறு பக்கத்துக்குள் ஓர் ஆலையையே கட்டிவிடலாம். அகரவரிசைக்கு உறவுமுறை தெரியாது. சில சமயம் ஒரு தாய் மக்களைப் பக்கத்தில் வைக்கிறது, சில சமயம் ஒன்றுக்கொன்று முகமே தெரியாதவற்றை. எது உறவு, எது வெறும் அண்டைவீடு என்று சொல்ல வேண்டியது அகராதிதான். அது சொல்லாவிட்டால் நாங்கள் பாவம், எல்லாரையும் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடுகிறோம்.

முதலில் 'இண்டஸ்ட்ரி'. இதில்தான் எனக்கு அதிகம் பேச இருக்கிறது.

லத்தீனில் இது விடாமுயற்சி, சுறுசுறுப்பான உழைப்பு. ஆலை, உற்பத்தி என்பதெல்லாம் பின்னால் ஏறியவை. பழைய பொருளை 'இண்டஸ்ட்ரியஸ்' இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 'உழைப்பாளியான மாணவி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தொழில்துறை மாணவி' என்று ஒருவர் எழுதியதை நான் பார்க்க நேர்ந்தது. பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கும் சொற்கள், கண் ஒரு வரி இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் நம் 'தொழில்' என்ற சொல்லும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. இலக்கணத்தில் தொழிற்பெயர் என்றால் ஓடுதல், பாடுதல், உண்ணல். அங்கே தொழில் என்பது செயல், அவ்வளவே. பிறகு அது பிழைப்பாயிற்று, பிறகு ஆலையாயிற்று. ஆனால் ஆங்கிலத்தில் போகப்போகச் சுமை பிரிந்து வேறு வேறு சொற்களுக்குப் போய்விட்டது. தமிழில் எல்லாச் சுமையும் ஒரே தலையில். தொழில்வரி என்றால் புரொஃபஷன். தொழிற்சங்கம் என்றால் டிரேடு. தொழிற்சாலை என்றால் ஃபேக்டரி. தொழில்நுட்பம் என்றால் டெக்னாலஜி. 'சொந்தத் தொழில்' என்றால் பிசினஸ். 'என்ன தொழில் பண்றீங்க?' என்றால் ஆக்குபேஷன். இவ்வளவுக்கும் நடுவில் தொழிலாளியும் தொழிலதிபரும் ஒரே சொல்லின் இரண்டு முனையில் நிற்கிறார்கள். நாலு பேரை வைத்துக்கொண்டு லேத் பட்டறை நடத்துகிறவரைத் 'தொழிலதிபர்' என்று எழுதிக் கொடுத்தால் அவரே கூசிப்போகிறார். உங்கள் தொகுதிகளில் இண்டஸ்ட்ரியலிஸ்டுக்கு வேறு வழியே கொடுக்கப்படவில்லை.

இந்திய அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவை யாராவது தமிழாக்கிப் பார்த்திருந்தால் என் துன்பம் புரியும். ஒரே வரியில் புரொஃபஷன், ஆக்குபேஷன், டிரேடு, பிசினஸ் என்று நான்கு சொல்லும் வருகின்றன. நான்கும் வேறு வேறு என்பதால்தான் நான்கையும் எழுதியிருக்கிறார்கள். என் மேசையில் இருக்கும் தொகுதியில் நான்குக்கும் முதல் பொருளாக இருப்பது 'தொழில்'. அதை நம்பி எழுதினால் 'எந்தத் தொழிலையும் தொழிலையும் தொழிலையும் தொழிலையும்' என்று வரும். கடைசியில் நான் செய்தது, வாழ்க்கைத்தொழில், பணி, வணிகம், வியாபாரம் என்று குத்துமதிப்பாகப் பிரித்ததுதான். வணிகத்துக்கும் வியாபாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று அன்றைக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

இது மொழிபெயர்ப்பாளரின் தலைவலி மட்டும் என்று தள்ளிவிட முடியாது. 'இண்டஸ்ட்ரி' என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று உச்ச நீதிமன்றமே ஏழு நீதிபதிகளை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் வந்த சொல் அது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது பிரபலம். ஒழுங்குமுறையாக நடக்க வேண்டும், வேலை கொடுப்பவரும் செய்பவரும் சேர்ந்து நடத்த வேண்டும், மனிதத் தேவைக்கான பொருளையோ சேவையையோ தர வேண்டும். இம்மூன்றும் இருந்தால் அது இண்டஸ்ட்ரி, லாபநோக்கம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை என்றார்கள். மருத்துவமனையும் கல்வி நிறுவனமும்கூட அதற்குள் வந்துவிட்டன. 2020-இல் நிறைவேறிய தொழிலுறவுகள் சட்டத் தொகுப்பு மறுபடி வரையறையைத் திருத்தி, அறப்பணி நிறுவனங்கள், வீட்டுவேலை போன்றவற்றை வெளியே வைத்திருக்கிறது.

இப்போது அந்தத் தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் 'மருத்துவமனை ஒரு தொழில்' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் காதில் 'ஆஸ்பத்திரியைக் காசு பார்க்கும் வியாபாரம் ஆக்கிவிட்டார்கள்' என்றுதான் விழும். தீர்ப்பு சொன்னதோ லாபத்தைக் கணக்கிலேயே எடுக்காதே என்று. அங்கே வேலை பார்க்கும் ஊழியருக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதுதான் பேச்சு. ஒரே சொல், பொருள் நேர் எதிர்த் திசையில் போய்விட்டது. சட்டத் துறை அடையாளத்தோடு இரண்டு வரி விளக்கம் தொகுதியில் இருந்திருந்தால் இந்த விபத்து நடக்காது.

இன்னொன்று, இதைவிட மோசமானது: 'இண்டஸ்ட்ரியல் ஆக்‌ஷன்'. ஆங்கிலத்தில் இது தொழிலாளர்கள் செய்வது. வேலைநிறுத்தம், மெதுவாக வேலை செய்தல், கூடுதல் நேரம் பார்க்க மறுத்தல். இரண்டு சொல்லையும் தனித்தனியே பார்த்து ஒட்டினால் 'தொழில் நடவடிக்கை' வரும். தமிழில் நடவடிக்கை எடுப்பது யார்? மேலே இருப்பவர். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வாக்கியத்தை மெமோவில் பார்த்துப் பார்த்துப் பழகிய தொழிலாளி இதைப் படித்தால், நிர்வாகம் தன்மேல் ஏதோ செய்யப்போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதைத் 'தொழிற்சங்க நடவடிக்கை' என்று எழுதுகின்றன. ஒரு 'சங்கம்' சேர்ந்ததும் யார் செய்வது என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அதை அப்படியே நாமும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இலங்கை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அங்கே இண்டஸ்ட்ரி என்றால் 'கைத்தொழில்'. அமைச்சின் பெயரே கைத்தொழில் அமைச்சு. பாடப்புத்தகத்தில் கைத்தொழிற் புரட்சி. தமிழ்நாட்டில் கைத்தொழில் என்றால் கூடை பின்னுவது, பொம்மை செய்வது. நீராவி எஞ்சினும் பஞ்சாலையும் வந்த புரட்சியைக் 'கைத்தொழிற் புரட்சி' என்று தமிழ்நாட்டு மாணவர் படித்தால் குழம்பித்தான் போவார். எது சரி என்று சண்டை போட நான் வரவில்லை, இரண்டும் தமிழ்தான். எந்தக் கரையில் எது வழங்குகிறது என்று ஒரு குறி போட்டால் போதும். இனர்ஷியாவும் அப்படித்தான். இங்கே நிலைமம், அங்கே சடத்துவம். இரண்டையும் நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து ஒரே வரியில் போட்டுவிடுகிறீர்கள். காற்புள்ளி எதையும் விளக்குவதில்லை. இதுவும் அதுவும் ஒன்றா, இதற்கு இது அதற்கு அதுவா, பழையதா புதியதா என்று படிப்பவரே ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

'இண்டைரக்ட்' பற்றிக் கொஞ்சம். மறைமுகம் என்று ஊன்றிவிட்டது, மறைமுக வரி எல்லாருக்கும் புரியும், சரி. ஆனால் ஆலைக் கணக்கில் 'இண்டைரக்ட் லேபர்' என்று ஒன்று வரும். பொருளைக் கையால் செய்யாமல் உற்பத்திக்குத் துணை நிற்பவர்கள்: ஸ்டோர்ஸ் பார்ப்பவர், மேற்பார்வையாளர், பழுது பார்ப்பவர். இவர்களை 'மறைமுகத் தொழிலாளர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், நானே. கணக்கில் காட்டாமல் ஒளித்து வைத்த ஆட்கள் மாதிரி இல்லையா அது?

இனி இண்டென்ட், இண்டென்ச்சர். இவை இரண்டும் நிஜமாகவே உடன்பிறந்தவை, ஆனால் உங்கள் பக்கத்தில் அந்நியர்போல நிற்கின்றன.

ஸ்டோர்ஸுக்குப் போய் 'இண்டென்ட் போட்டாச்சா?' என்று கேட்காத ஆலை கிடையாது. சாமான் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் தேவைப் பட்டியல். தொகுதியைத் திறந்தால் 'பல்வெட்டு, உள்தள்ளு, வடு' என்று வருகிறது. படிக்கிறவருக்கு மண்டை காயும். ஆனால் கதை அழகானது. வேர்ச்சொல் லத்தீனில் 'பல்'. பழங்காலத்தில் ஐரோப்பாவில் ஓர் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு படியாக எழுதி, நடுவே ரம்பப் பல்போல வளைத்து வளைத்து வெட்டி ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். பிறகு தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் உண்மையானது. பல்வெட்டிலிருந்து பத்திரம், பத்திரத்திலிருந்து ஒப்பந்தம், அதே வழியில் சரக்குக்கான சீட்டு. இந்த ஒரு பத்தி தொகுதியில் இருந்தால் 'உள்தள்ளு'வும் 'தேவைப் பட்டியலும்' எப்படி ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பது ஒருமுறை படித்தாலே மறக்காது.

இண்டென்ச்சர் என்ற சொல்லிலோ நம் முன்னோர் ஏறிப் போன கப்பல்கள் இருக்கின்றன. 1834 முதல் மொரிசியசுக்கு. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் அந்த நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலும் ஐந்தாண்டுக் கட்டு. இடையில் வேலையை விட்டு விலகினால் அது குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். 1917-இல்தான் ஆள் அனுப்புவது நின்றது. தமிழில் இவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்றார்கள். இன்றைய ஆலையில் 'கான்ட்ராக்ட் லேபர்' என்பதற்கும் நாம் எழுதுவது ஒப்பந்தத் தொழிலாளர். இரண்டும் ஒன்றா? அன்றைக்குப் போனவர் தானே கைநாட்டு வைத்து ஒப்பந்தத்துக்குள் சிக்கியவர். இன்றைக்கு உள்ளவருக்கும் ஆலைக்கும் இடையில் ஒப்பந்தமே இல்லை. ஒப்பந்தம் ஆலைக்கும் ஒப்பந்தக்காரருக்கும்தான். ஒருவருக்குச் சிக்கல் ஒப்பந்தம் இருந்தது, இன்னொருவருக்குச் சிக்கல் ஒப்பந்தம் இல்லாதது. வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும்போது நான் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எழுதித் தொலைத்தேன். அச்சான பிறகுதான் உறைத்தது.

அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே இண்டிகோ. நான் வைத்திருக்கும் தொகுதி ஒன்றில் 'கருநீலம்' என்று மட்டும் போட்டிருக்கிறது. நிறம் சரி, செடி எங்கே? நமக்கு அவுரி என்று செடிக்கே பெயர் இருக்கிறதே. கிரேக்கர்கள் 'இந்தியச் சரக்கு' என்ற பொருளில் வைத்த பெயர்தான் திரிந்து இண்டிகோ ஆயிற்று. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு தோட்டச் சாயம் படுத்துவிட்டது. காந்தி சம்பாரணுக்குப் போனது அவுரி விவசாயிகளுக்காக, 1917-இல். இண்டென்ச்சர் நின்ற அதே ஆண்டு. அகரவரிசை தற்செயலாகச் சேர்த்து வைத்த இரண்டு சொற்களை வரலாறும் ஒரே ஆண்டில் சேர்த்து வைத்திருக்கிறது. அகராதியில் இதையெல்லாம் எழுதச் சொல்லவில்லை. 'அவுரி' என்ற ஒரு சொல்லையாவது போட்டிருக்கலாம்.

இதுவரை சொன்னதில் நஷ்டம் பெரும்பாலும் குழப்பம், கொஞ்சம் மானம். அடுத்து வருவதில் உயிர் இருக்கிறது.

'இனர்ட் கேஸ்'. தொகுதியில் மந்த வாயு. வேதியியல் பாடத்துக்கு ஏற்ற சொல்தான். அந்த வாயுக்கள் எதோடும் சேராது என்று நம்பிய காலத்தில் வைத்த பெயர். 1962-இல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் செனான் என்ற அப்படிப்பட்ட வாயுவை ஒரு சேர்மத்துக்குள் கொண்டுவந்து காட்டிய பிறகு ஆங்கிலத்தில் 'நோபிள்' என்ற பெயர்தான் மேலோங்கியது. பட்டறையில் மட்டும் இனர்ட் என்பது தொடர்கிறது, அங்கே நைட்ரஜனையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். இப்போது ஒரு தொட்டிக்குள் இறங்கி ஆர்கான் வெல்டிங் செய்யப் போகிறவருக்கான எச்சரிக்கையை யோசியுங்கள். 'மந்த வாயு உள்ளது' என்று எழுதினால் மந்தம் என்ற சொல் காதில் எப்படி விழும்? மந்தமான பையன், மந்தமான வியாபாரம், வயிறு மந்தம். சும்மா கிடக்கும், ஒன்றும் செய்யாது என்றுதானே? ஆர்கான் காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும், வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நாலைந்து மூச்சில் மயங்கி விழுபவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. காப்பாற்ற இறங்குகிறவரும் அங்கேயே விழுவார். எதோடும் வினைபுரியாது என்பது உலோகத்துக்கு நல்ல செய்தி, மனிதனுக்கு அல்ல. நான் இப்போது அந்தச் சொல்லையே பலகையில் போடுவதில்லை. 'உள்ளே மூச்சுக்காற்று இல்லை. சோதிக்காமல் இறங்காதே' என்று எழுதுகிறேன்.

இனர்ஷியாவும் பலகைக்கு வரும்போது அப்படித்தான். 'நிலைமத்தால் சுழற்சி தொடரும்' என்று எழுதிக் கொடுத்தால் பத்தாம் வகுப்பு இயற்பியல் ஞாபகம் இருப்பவருக்குப் புரியும். சாணைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வேண்டியது 'நிறுத்திய பிறகும் சக்கரம் சுற்றும். கை வைக்காதே.' நிலைமம் நல்ல சொல், பாடப்புத்தகத்தில் நன்றாக இருக்கட்டும்.

இன்ஃப்ளேமபிளில் சிக்கல் நம்முடையதே இல்லை, ஆங்கிலத்தினுடையது. முன்னால் 'இன்' வந்தால் இல்லை என்று பொருள் என்று பழகியவர்கள், இதைத் தீப்பற்றாதது என்று படித்துவிடுகிறார்கள். நிஜத்தில் ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் ஒன்றுதான், இரண்டும் தீப்பிடிக்கும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. 'எளிதில் தீப்பற்றும்' என்ற தமிழில் அந்தப் பொறியே கிடையாது. எனவே உங்கள் தொகுதியில் இந்த இரண்டு சொல்லுக்கும் எதிரே 'இரண்டும் ஒன்றே' என்று ஒரு வரி மட்டும் சேருங்கள்.

குறை மட்டுமே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள். 'தொழிற்பேட்டை' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தாரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் என்பதை 'தொழில் தோட்டம்' என்று ஆக்கியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? பண்டம் வந்து இறங்கும் இடம் என்று பேட்டைக்கு ஏற்கெனவே இருந்த மணத்தை அப்படியே எடுத்து ஒட்டவைத்தார்கள். சொல் ஒட்டிக்கொண்டது, ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லாரும் சொல்கிறார்கள். 'இன்காட்' என்பதற்கும் 'வார்ப்புக்கட்டி' என்று புதிதாக ஒன்று எதற்கு? தங்கப் பாளம், வெள்ளிப் பாளம் என்று நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. பாளம் என்றால் எஃகுக்கும் பொருந்தும், அலுமினியத்துக்கும் பொருந்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார், அதற்காகப் புத்தகங்களை மொழிபெயர்த்தார், சொற்பட்டியல்களும் தயாரித்தார். எதிரே மாணவர் உட்கார்ந்திருக்கையில் சொல் தேடுவதற்கும் வெறும் பட்டியலுக்குச் சொல் தேடுவதற்கும் வேறுபாடு உண்டு. புரியாவிட்டால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். உங்கள் குழுவில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், மொழியறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரு ஃபிட்டர், ஒரு வெல்டர், ஸ்டோர்ஸில் இருபது வருடம் இருந்த ஒருவர், இவர்களையும் ஒரு மத்தியானம் கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன? 'இதை நீங்க என்னன்னு சொல்வீங்க?' என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வது ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை, தமிழ் எழுத்தில் அதையும் ஓரமாகப் பதியுங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு சொல்லுக்கு எதிரே ஐந்து இணைச்சொல் போடும் இடத்தில் இரண்டைக் குறைத்துவிட்டு ஒரு வாக்கியம் கொடுங்கள். அந்த வாக்கியம் அந்தச் சொல் வாழும் இடத்திலிருந்து வரட்டும். எந்தத் துறை, எந்த நாடு என்று இரண்டெழுத்துக் குறி போடுங்கள். அச்சுப் புத்தகக் காலத்தில் பக்கம் போதவில்லை என்றீர்கள், நியாயம். இப்போது தொகுதி திரையில்தானே இருக்கிறது, பக்கத்துக்கு என்ன பஞ்சம்? ஆட்களும் பணமும் போதவில்லை என்பீர்கள். அதையும் நம்புகிறேன், உங்கள் பணிக்கு யாரும் மாலை போடுவதில்லை என்பதும் தெரியும். வாக்கியம் எழுத ஆள் இல்லாவிட்டால் எங்களைப்போன்றவர்களிடம் கேளுங்கள். பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது.

அந்தப் பலகையை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. வாசலில் இருந்த காவலாளியிடம் பேசினேன். 'அதுவா, மொத நாள் கிளாஸுன்னு சொல்லுவோம் சார்' என்றார். 'பணிக்கு முன் அறிமுக வகுப்பு கட்டாயம்' என்று மாற்றி எழுதினோம். அதற்குக் கீழே யாரும் மார்க்கரால் எழுதவில்லை.

இண்டென்ட் முதல் இன்காட் வரை நான் சேர்த்து வைத்த வாக்கியங்களை இதோடு இணைத்திருக்கிறேன். வேண்டாததை அடித்துவிட்டுத் தேறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'இண்டைரக்ட் லேபர்' என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டு வெறுமனே விட்டிருக்கிறேன். 'துணைப்பணியாளர்' என்று ஒன்று தோன்றியது, அது ஹெல்பர் மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது நல்லதாக ஏதும் தோன்றினால் எழுதுங்கள். அடுத்த வாரம் ஒரு நிலையாணையைக் கொடுத்தாக வேண்டும், அதில் அது பதினொரு இடத்தில் வருகிறது.

அன்புடன்,
உங்கள் தொகுதிகளை நம்பிப் பிழைக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர்